பதினாறு வயலினும் ஒரு 'டொக்'கும்

மெருகுக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகங்களில் தேடாதீர்கள், கிடைக்காது. உங்கள் வீட்டுக் கூடத்தில் தேடுங்கள். நீங்கள் பரிமாறியதில் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, "ஆஹா, என்ன எளிமை!" என்று உருகுவாரே, உருகி முடித்த கையோடு "இதுல ஒரே ஒரு விஷயம் மட்டும் சேத்துட்டீங்கன்னா..." என்று ஆரம்பிப்பாரே, அவர்தான்.

இவரைக் குறை சொல்கிறவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குறை சொல்கிறவருக்குப் பொருள் பிடிக்காது. சொல்லிவிட்டுப் போய்விடுவார், நிம்மதி. மெருகுக்காரருக்கோ பிடித்துவிடும். அதுதான் வினை. பிடித்த எதையும் பிடித்தபடி விட்டுவைக்க அவரால் முடியாது. குழந்தையைக் கொஞ்சினால் தலையை வகிடெடுத்து வாரிவிட்டுத்தான் கீழே இறக்குவார். பக்கத்து வீட்டு நாய் அழகாகக் குரைக்கிறது என்பார், அரை ஸ்வரம் இறக்கிக் குரைத்தால் இன்னும் எடுக்கும் என்பார். கேட்டால் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரு வசனம் சொல்வார். உலகம் முழுக்க இந்த இனத்துக்கு ஒரே வசனம்தான்: "ஆத்மாவத் தொடவே மாட்டேன். சட்டைய மட்டும்தான் மாத்துறேன்."

அமெரிக்காவில் எங்கள் நாஷ்வில் ஊருக்கு இந்த இனம் ஆண்டு முழுக்க வரும். மற்ற ஊர்க்காரர்கள் பாட்டைக் கேட்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். எங்கள் ஊரிலோ பாட்டு செய்கிறார்கள். ஆகவே கை வைக்க நிறைய இருக்கிறது. வந்தவர்களில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் என்று சொன்னால், அறுபத்திரண்டாம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கிய ஜூலியன் காஸ்டெல்தான்.

காஸ்டெல் பெரிய பாடகர். பட்டுக் குரல். இரவு விருந்து மண்டபங்களில் கறுப்புக் கோட்டும் வில் டையுமாக நின்று, ஒலிவாங்கியின் காதில் ரகசியம் சொல்வது போலப் பாடுவார். கேட்கிற பெண்கள் கைக்குட்டை எடுப்பார்கள், கணவன்மார்கள் கடிகாரம் பார்ப்பார்கள். ஆனால் கிட்டாரும் கையுமாகப் பையன்கள் துள்ள ஆரம்பித்த பிறகு அவருடைய கடைசி இரண்டு இசைத்தட்டுகள் கடையிலேயே தூசி வாங்கிக்கொண்டிருந்தன. எனவே கம்பெனி சொன்னது, எல்லாரும் இப்போது நாட்டுப்புறப் பாட்டு பாடுகிறார்கள், நீங்களும் போய்ப் பன்னிரண்டு பாடிவிட்டு வாருங்கள் என்று. காஸ்டெலுக்கு அதில் வருத்தமே இல்லை. அவருக்கு அந்தப் பாட்டுகள் பிடிக்கும். உண்மையாகவே பிடிக்கும். சொன்னேனே, அதுதான் வினை.

அவர் வருவதற்கு முன்னால் அட்டைப்படம் வந்தது. 'வயலோரம் காஸ்டெல்' என்று தலைப்பு. வெள்ளைக் கால்சட்டையோடு வைக்கோல் கட்டின் மேல் அமர்ந்து, வாடகைக்கு வந்த ஒரு பசுவைப் பார்த்துச் சிரிக்கிறார். பசு வேறு பக்கம் பார்க்கிறது.

இந்தப் படத்தை எம்மெட் க்ரிசம் ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரில் பார்த்தபோது அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எம்மெட் வாசிப்பது ஸ்டீல் கிட்டார்: மேசை போலக் குறுக்கே கிடக்கும் தந்திகளின் மேல் விரல் நீள இரும்பு உருளை ஒன்றை இழுத்து இழுத்து அழ வைக்கும் வாத்தியம். இருபது வருஷமாக எங்கள் ஊரில் யாருடைய மனைவி யாரை விட்டு ஓடினாலும், பாட்டில் அழுதது எம்மெட்டின் உருளைதான். இப்போது ஊரிலேயே பாட்டுகளுக்கு வயலின் போட ஆரம்பித்திருந்தார்கள். எம்மெட்டுக்கு வரும் அழைப்பு குறைந்துகொண்டே வந்தது. போன மாதம் நான்கு, இந்த மாதம் ஒன்று. அந்த ஒன்றுதான் இது.

பதிவுக்குப் பொறுப்பாளரான கிளைட் மெபேன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"எம்மெட், மூணு நாள் வேலை. இந்த மனுஷனுக்கு உன் சத்தம் பிடிச்சுட்டா நல்லது. பிடிக்கலேன்னு வையி, மேலிடத்துல ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க, இனிமே எல்லாத்துக்கும் வயலின்தான். நான் சண்டை போட்டுப் பாத்துட்டேன்."

"எனக்கு எத்தன பாட்டுல வாசிப்பு குடுத்திருக்காரு?"

கிளைட் தரையைப் பார்த்தார். "ரெண்டு சுரம்."

"ரெண்டு பாட்டா?"

"ரெண்டு சுரம்ப்பா. மொத்தத் தட்டுக்கும். வைக்கோல் வாசனைக்குன்னு சொல்றாரு."

முதல் நாள் காலை காஸ்டெல் உள்ளே வந்தார். கூடவே அவருடைய இசை அமைப்பாளர் வந்தார். அவர் கையில் ஒரு பெட்டி நிறைய எழுதிய இசைத்தாள்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தாள் பார்த்து வாசிப்பதில்லை. ஒருவர் ஒரு தரம் பாடிக் காட்டுவார். மற்றவர்கள் கிடைத்த உறையின் முதுகில், எந்த இடத்தில் எந்தச் சுரக்கூட்டு என்பதற்கு ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்களைக் கிறுக்கிக்கொள்வார்கள். இரண்டாம் தரம் ஒலிநாடா ஓடும். மூன்று மணி நேரத்தில் நான்கு பாட்டு முடித்து, சாப்பிடப் போய்விடுவார்கள். காஸ்டெல் அந்த உறைகளில் ஒன்றை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். கண்ணை மூடினார்.

"ஆஹா, என்ன எளிமை!"

பிறகு எல்லாருக்கும் ஆளுக்கு நாற்பது பக்கம் கொடுத்தார்.

இன்னொரு சங்கடம், அவருடைய பூட்ஸ். நாட்டுப்புற உணர்ச்சி காலிலிருந்து வர வேண்டும் என்று புதிய பூட்ஸ் வாங்கி வந்திருந்தார், பாம்புத் தோல் போட்டது. அவர் உணர்ச்சிவசப்பட்டு எடை மாற்றி நிற்கும்போதெல்லாம் அது 'க்ரீச்' என்றது. சோக வரி வந்தால் இரண்டு 'க்ரீச்'. ஒலிப்பதிவாளர் மூன்று முறை நாடாவை நிறுத்தினார். கடைசியில் கிளைட் பவ்யமாக, "சார், தப்பா நெனைக்காதீங்க... பூட்ஸ கழட்டிட்டுப் பாடுறீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அமெரிக்காவின் பட்டுக் குரல் மெழுகு தடவிய பலகைத் தரையில் சாம்பல் நிறக் காலுறையோடு நின்று, மனைவியை இழந்த விவசாயிகளுக்காகக் கண்ணீர் விட்டது.

இரண்டு நாள் இப்படியே போனது. கோவேறு கழுதை செத்துப்போன பாட்டுக்கு வீணையின் அக்காள் போன்ற பெரிய ஹார்ப் ஒன்று வந்தது. சாராயம் காய்ச்சிய சித்தப்பா பாட்டில் சித்தப்பா ஷெரி என்ற சீமை ஒயின் குடித்தார். எம்மெட் மூலையில் உட்கார்ந்து தன் இரண்டு சுரத்துக்காகக் காத்திருந்தார். பாஸ் என்ற ஆளுயர வாத்தியம் வாசிக்கும் வெர்லின் குனிந்து அவர் காதில், "கவலப்படாத எம்மெட், அந்த ரெண்ட வாசிச்சு முடிச்சதும் உனக்கு ஓய்வூதியம் வந்துரும்" என்றார்.

மூன்றாம் நாள் காலை காஸ்டெல் எல்லாரையும் உட்காரச் சொன்னார். தான் மட்டும் நின்றார்.

"இன்னிக்கு நாம எடுக்கப்போற பாட்டு, இந்தத் தட்டோட இதயம்" என்றார். "ஹோபர்ட் டாக்கெட் பாடின 'பன்னெண்டு மணி பஸ்'."

எம்மெட் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். வெர்லின் பாஸுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டில் ஒருவனுடைய மனைவி கோபித்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். பஸ் கிளம்பிவிடுகிறது. அவளுடைய பெட்டி அவன் கையிலேயே தங்கிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. ஏழு வருஷத்துக்கு முன் அதை ஹோபர்ட் பாடிப் பதிவு செய்தபோது, 'பஸ்ஸு போச்சு, பெட்டி மட்டும் என் கையில' என்ற இடத்தில் எம்மெட்டின் வியர்த்த கையிலிருந்து உருளை வழுக்கியது. தந்திகளின் மேல் 'ஙொய்ய்ய்' என்று உருண்டு, தரையில் 'டொக்' என்று விழுந்தது. திடுக்கிட்டு எல்லாரும் இரண்டு அடி தாளம் வாசிப்பை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடர்ந்தார்கள். மறுபடி எடுக்க நேரம் இல்லை; மூன்று மணி நேரம் முடிந்துவிட்டது. "யாருப்பா இதையெல்லாம் கவனிக்கப்போறான்?" என்றார் ஹோபர்ட்.

நாடே கவனித்தது. அந்தத் தட்டு அப்படி ஓடியது. எந்த உணவுக்கடையில் எம்மெட் கெளுத்தி மீன் வறுவலுக்கு உட்கார்ந்தாலும், மூலையில் காசு போட்டால் பாடும் பெட்டியில் யாராவது அந்தப் பாட்டைப் போடுவார்கள், 'ஙொய்ய்ய், டொக்'. எம்மெட்டுக்கு மீன் இறங்காது. ஏரிக்கரையில் தூண்டில் போட்டால் நண்பர்கள், "தூண்டில கெட்டியாப் பிடிச்சுக்க, எம்மெட்" என்பார்கள். அவருடைய மனைவி லூரீன் விருந்தாளிகளிடம், "எங்க குடும்பத்துல நாடறிஞ்ச சத்தம் அது ஒண்ணுதான்" என்று பெருமையாகவே சொல்வாள். ஏழு வருஷமாக எம்மெட் உள்ளங்கையில் பவுடர் போடாமல் வாத்தியத்தைத் தொட்டதில்லை.

காஸ்டெல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த நடுப்பகுதிய நெனைச்சுப் பாருங்க. பெட்டி மட்டும் என் கையில... அப்புறம் அந்த அழுகை சறுக்கி எறங்குது... டொக். என்ன அது? அவன் கையிலேர்ந்து பெட்டி விழுது! அந்த நிமிஷம்தான் அவனுக்குப் புரியுது, அவ திரும்பி வரமாட்டான்னு. அப்புறம் ரெண்டு அடி மௌனம். கடவுளே, என்ன மௌனம்! இத யோசிச்சவன் மேதை. நான் இந்தத் தட்டுல ரெண்ட தேய்ச்சுட்டேன், மூணாவது வாங்கியிருக்கேன், இந்த எடத்துக்காகவே."

கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. சிரிப்பை அடக்கியதால் முதலில்; பிறகு வேறு காரணத்தால். ஏனென்றால், யோசித்துப் பார்த்தால், அந்த ஆள் சொல்வது சரிதான். பெட்டிதான் விழுகிறது. ஏழு வருஷமாகத் தானும் கேட்டு, ஊரும் கேட்டு, ஒருவருக்கும் இது தோன்றவில்லையே என்று எம்மெட்டுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு கணம் அவருக்குக் காஸ்டெலைப் பிடித்தே போய்விட்டது.

அந்தக் கணத்தை காஸ்டெல் நீடிக்க விடவில்லை. "அதனால, ஆத்மாவத் தொடாம சட்டைய மட்டும் மாத்தியிருக்கேன்" என்றார். சறுக்கலைப் பதினாறு வயலின்களுக்கு எழுதியிருந்தார். 'டொக்'குக்கு ஒரு மரக்கட்டையும், அதைத் தட்ட இசைக்கல்லூரியில் படித்த ஒருவரும் வந்திருந்தார்கள். மௌனத்தின் மேல் 'மிக மிருதுவாக' என்று குறிப்பு எழுதியிருந்தது.

எடுத்தார்கள். பதினாறு பேரும் ஒரே மாதிரி, ஒரே அளவு, சோப்புத் தேய்த்தது போலச் சறுக்கினார்கள். கட்டை 'டொக்' என்றது. சுத்தமான 'டொக்'. யாரோ நாகரிகமாகக் கதவைத் தட்டி 'உள்ளே வரலாமா?' என்று கேட்டது போல் இருந்தது. காஸ்டெல் முகம் சுளித்தார். மறுபடி எடுத்தார்கள். ஒன்பது முறை எடுத்தார்கள். ஒன்பது முறையும் யாரோ உள்ளே வரலாமா என்றார்கள்.

காஸ்டெல் சோர்ந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். காலுறையில் பெருவிரல் ஓட்டை தெரிந்தது. "இத மொதல்ல வாசிச்சது யாரு? அவர் உயிரோட இருக்காரா?" என்றார்.

கிளைட் கையை நீட்டினார். "அந்த மூலைல இருக்காரு சார். மூணு நாளா."

காஸ்டெல் எழுந்து ஓடி வந்து எம்மெட்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மிஸ்டர் க்ரிசம்! நீங்களா? அப்ப உங்க மனசுல என்ன ஓடிச்சு, சொல்லுங்க!"

எம்மெட்டின் மனதில் அப்போது ஓடியது அச்சில் ஏற்ற முடியாத ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். கிளைட் பின்னால் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டுவது தெரிந்தது. அழைப்பே வராத அடுத்த மாதம் தெரிந்தது. வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தன் கைகள் தெரிந்தன.

"துக்கம்தான் சார்" என்றார்.

அவ்வளவுதான். வயலின்களை ஓரம் கட்டி எம்மெட்டை நடுவில் உட்கார வைத்தார்கள். பாட்டு ஓடியது. 'பெட்டி மட்டும் என் கையில...' எம்மெட் உருளையை விட வேண்டும். விடவில்லை. கை விடாது. ஏழு வருஷம் பவுடர் போட்டு, விடாதே விடாதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்த கை அது. இரண்டாம் முறை விட்டார். கல்லைப் போட்டது போல விழுந்தது. மூன்றாம் முறை உருளை தந்தி மேலேயே படுத்துத் தூங்கிவிட்டது.

இந்த இடத்தில்தான் மெருகுக்காரர் தன் உச்சியைத் தொட்டார். எம்மெட்டின் பக்கத்தில் மண்டியிட்டு, உருளையை வாங்கி, எம்மெட் செய்த தவறை எப்படிச் செய்வது என்று எம்மெட்டுக்கே சொல்லிக்கொடுத்தார்.

"மணிக்கட்ட தளர விடுங்க. இப்படி. நீங்க விடக் கூடாது, அதுவா கை விட்டுப் போகணும். இன்னும் துக்கமா விழணும். இது பாருங்க, கொஞ்சம் கோபமா விழுது."

"சரிங்க சார்."

"பழைய தட்டுல நீங்க நல்லா பண்ணியிருந்தீங்க."

"அப்ப சின்ன வயசு சார்" என்றார் எம்மெட்.

பதினோரு முறை. வெர்லின் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். எம்மெட்டுக்கு வியர்த்தது. பவுடர் எல்லாம் கரைந்துவிட்டது. காஸ்டெல் கடிகாரத்தைப் பார்த்தார். "கடைசியா ஒரு தரம். வரலேன்னா மரக்கட்டையோடயே போயிரலாம். ஸ்டீல் கிட்டார மொத்தமா எடுத்துரலாம், கிளைட்." எம்மெட் உருளையை இறுகப் பிடித்துக்கொண்டார். இது போனால் எல்லாம் போச்சு என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததால் கை இன்னும் இறுகியது.

காஸ்டெல், கடைசி முறை என்பதால், உயிரைக் கொடுத்துப் பாடினார். பஸ் போனது. அவர் பஸ்ஸைப் பார்ப்பது போல ஓர் அடி பின்வாங்கினார். மெழுகுத் தரை, பட்டுக் காலுறை. 'பெட்டி மட்டும் என் கை...' என்றதும் இரண்டு காலும் முன்னால் போக, அமெரிக்காவின் பட்டுக் குரல் பின்புறமாக, தும்பிக்கை தூக்கிய யானை போல இறங்கியது. எம்மெட் "ஐயோ!" என்று அவரைப் பிடிக்கக் கை நீட்டினார்.

ஙொய்ய்ய். டொக்.

இரண்டு அடி மௌனம். எல்லாரும் உறைந்திருந்தார்கள். ஆனால் காஸ்டெல் தொழில் தெரிந்த மனிதர். தரையில் உட்கார்ந்தபடியே, மூச்சு உடைந்து, வலியில் கரகரத்த குரலில், "...யில" என்று பாடி முடித்தார். மூன்று நாளில் முதல் முறையாக மனைவி பஸ் ஏறிப் போய்விட்ட ஒருவனின் குரல் கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா என்று அவருக்கே தெரியாது.

"இதுதான்!" என்றார் காஸ்டெல் தரையிலிருந்து. "பாத்தீங்களா, மிஸ்டர் க்ரிசம்? சொல்லிக்குடுத்தா வருது!"

அந்தத் தட்டு ஓடியது. அந்த ஒரு பாட்டுக்காக ஓடியது. காஸ்டெல் பத்திரிகைக்காரர்களிடம், எல்லாம் திட்டமிட்டது என்றார். விருந்து மண்டபங்களில் ஒவ்வொரு மாலையும் அந்த வரியில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மெத்தை போட்ட இடமாகப் பார்த்து விழுந்தார். எம்மெட்டுக்கோ அழைப்பு குவிந்தது. "அந்த மாதிரி ஒரு விழுதல் வேணும்" என்று கேட்காத பாடகர் இல்லை. எம்மெட்டுக்கு இப்போது அது கேட்டவுடன் வரும். மனம் குளிர்ந்து போனார். நமக்கும் சந்தோஷம்தான்.

ஆனால் அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. ஏரிக்கரையில் நண்பர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, விழுதலில் இரண்டு வகை உண்டு, துக்க விழுதல், கோப விழுதல் என்று விளக்கலானார். ஹோபர்ட்டோடு எடுத்த முதல் தட்டிலும் தான் வேண்டுமென்றேதான் விட்டதாகச் சொன்னார். "ஏழு வருஷமா கை வழுக்கிருச்சுன்னியேய்யா?" என்றாள் லூரீன். "அப்ப எனக்கே புரியல" என்றார் எம்மெட்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் லூரீனின் கை தவறி, சோளரொட்டி வைத்திருந்த இரும்புச் சட்டி தரையில் விழுந்தது. கூடத்திலிருந்து எம்மெட்டின் குரல் வந்தது.

"ஆஹா! நல்லா இருந்துச்சு லூரீன். ஆனா ஒரே ஒரு விஷயம். ரெண்டு அடி தள்ளி விழுந்திருந்தா இன்னும் எடுத்திருக்கும்."

"அடுத்தது ஒன் தலமேல விழும்" என்றாள் லூரீன். "அது தாளம் தப்பாது."

ஆகவே இந்த வியாதி ஒட்டும் என்பதை உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன். உங்களுக்கு ஒட்டாது என்கிறீர்களா? சந்தோஷம். ஆனால் இதைப் படித்துவரும்போது, 'நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வழுக்கி விழுவதை மட்டும் கொஞ்சம் அடக்கி, பசுவுக்கு இன்னும் இரண்டு வரி கொடுத்திருந்தால்...' என்று உங்களுக்கு எங்காவது ஓர் இடத்தில் தோன்றியதா, இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.

வாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள். தரை வழுக்கும், பார்த்து.